எட்டு மாதிரிப் பக்கங்கள்

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தாக வேண்டும். கல்வி அலுவலகத்துப் படிவத்தில் அதற்கென்று விரல் நீளக் கட்டம் ஒன்று இருந்தது: ‘வீட்டுக்கல்விக்குத் தேர்ந்தெடுத்த பாடத்திட்டம்’. எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது. வருடக் கடைசியில் ஒருவர் வீட்டுக்கு வந்து, பிள்ளையை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார். தேறாவிட்டால் மறுபடியும் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்தில் சத்தமாக வாசிக்கும் நேரம் எது என்று ஒன்பது வயது மகளின் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது. சரியாகப் பத்து நிமிடம் முன்னால் வலிக்க ஆரம்பிக்கும். பொய் வலி இல்லை, முகம் வெளுத்துப்போகும். டிஸ்லெக்சியா என்றார் டாக்டர். எழுத்துகள்தான் அவளுக்குப் பிடி கொடுக்கவில்லையே தவிர, வாய் நாலு பேருக்குப் பேசும். எதைக் கேட்டாலும் மூன்று காரணம் அடுக்குவாள். அதனால் வீட்டில் அவள் பெயர் வக்கீல்.

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்து அட்டையை வாசிக்கச் சொல்லி, பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேரும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, மூன்று பாடத்திட்டங்களின் மாதிரிகளை வரவழைத்திருந்தார்கள்.

முதலாவது கணினியில் ஓடுவது. சரியான விடையைத் தொட்டால் ஆந்தை ஒன்று கைதட்டும். எல்லா விடைகளையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால் எப்படியும் ஒருமுறை தட்டத்தான் செய்யும் என்று வக்கீல் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அது தள்ளுபடி.

இரண்டாவது ஒரு தகர டப்பா. இருமல் மருந்து நிறத்தில் மூடி. உள்ளே எழுத்து எழுதிய மரச் சில்லுகள், மணல் பரப்ப ஒரு தட்டு, நூற்றிருபது பாடங்கள். ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். ஒலியைச் சொல், மணலில் எழுது, சில்லைத் தொடு, அவ்வளவுதான். நாலு வயதுக் குழந்தைக்குச் செய்ததுபோல இருக்கிறதே என்று அம்மாவுக்கு மனசே ஒட்டவில்லை. கையில் எடுத்ததை முடிக்க வேண்டுமே என்று ஆறு மாதிரிப் பாடங்களையும் மகளோடு உட்கார்ந்து அப்பாதான் ஒப்பேற்றினார்.

மூன்றாவதைத் திறந்ததும் அம்மா அதில் சொக்கிப்போனாள். முழுக்கக் கதைகள். திமிங்கலங்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னும் ஒரு கலங்கரை விளக்கக்காரி. பக்கத்துக்குப் பக்கம் கடல் நீலத்தில் படம். ‘ஆசை வந்தால் வாசிப்பு தானே வரும்’ என்று முகப்பில் போட்டிருந்தது. எட்டு மாதிரிப் பக்கங்களை அப்பா வேலையிடத்தில் அச்சடித்துக்கொண்டு வந்தார். முதலில் அம்மா வாசிக்க வேண்டும், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு மகள் தனியாக. வழிகாட்டியில் அப்படித்தான் சொல்லியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எட்டுப் பக்கத்தையும் வக்கீல் தட்டுத் தடுமாறாமல் வாசித்து முடித்தாள். புயல் வரும் இடத்தில் குரலைக்கூடத் தாழ்த்தினாள். அம்மாவுக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கியது தெரியவில்லை. வீட்டுக்கல்வி வாட்ஸாப் குழுவில் பழக்கமான இரட்டையரின் அம்மாவைக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தாள். அந்த அம்மா கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொன்னாள். இவளுக்கு அது பொறாமைபோலப் பட்டது. போனை வைத்ததும் படிவத்தை எடுத்து, கட்டத்தில் மூன்றாவதின் பெயரைப் பென்சிலால் எழுதினாள்.

மறுநாள் கடைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். உரிமம் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். கடைசி வரியைக் கடகடவென்று சொன்னார். பார்வை மட்டும் அட்டைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. பெஞ்சில் காத்திருந்த நேரத்தில், முன்னால் போனவர்கள் சொன்னதைக் கேட்டு உருப்போட்டிருக்கிறார். அம்மா அட்டையைத் திருப்பி மாட்டினாள். பின்பக்கம் வேறு எழுத்துகள். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். இதெல்லாம் அவளுக்கு அன்றாடம்.

வீட்டில் பழைய பிரதி மீது வக்கீல் பாலைக் கவிழ்த்திருந்ததால், அப்பா புதிதாக ஒன்று அச்சடித்து, ஸ்டேப்ளர் பின் போட்டுக் கொண்டு வந்தார். மகள் அந்தக் கதையை வாசிப்பதை அவர் இன்னும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் சட்டைகூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். நாலாம் தாளுக்கு வந்தபோது அப்பாவின் நெற்றி சுருங்கியது.

தாளில் பச்சைச் சட்டை போட்ட குட்டித் திமிங்கலம் வெயிலில் குளித்துக்கொண்டிருந்தது. வக்கீலோ புயல் அடித்து விளக்கு அணைவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த தாளில் புயல் படம். அவள் வெயிலுக்கு வந்துவிட்டாள்.

“தாளை மாத்தி அடுக்கிப் பின் போட்டுட்டேன் போல,” என்றார் அப்பா மெதுவாக. “ஆனா கதை மாறலையே.”

அம்மாவுக்கு முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்ததுபோல் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு அட்டையைத் திருப்புகிறவள், தன் பிள்ளைக்கு ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை.

“மனப்பாடம் பண்ணிட்டியாடி?”

வக்கீல் தாள்களை மடியில் வைத்தாள். “நான் ஏமாத்தல. ஒண்ணு, நீ சொல்லுன்னே, சொன்னேன். ரெண்டு, படத்தைப் பாத்தா கதை தானா வருது. நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் மட்டும் படத்தைப் பாக்கல, உன்னைப் பாத்தேன்.”

“மூணு?”

“மூணு, நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அப்புறம் எப்படி நிறுத்துறது?”

அப்பா பின்னைப் பிடுங்கித் தாள்களைச் சரியாக அடுக்கினார், அதுதான் இப்போது அவசரம் என்பதுபோல. மூன்று மாதிரிகளையும் தானும் கணவனும் இரட்டையரின் அம்மாவும் பேசித் தீர்த்தாயிற்று, வாசிக்கப் போகிறவளிடம் மட்டும் கேட்கவில்லை என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டாள்.

“டப்பா,” என்றாள் வக்கீல் யோசிக்காமல். “போர்தான். ஆனா அதை ஏமாத்த முடியல. மணல்ல எழுதுனா எழுத்து ஓடாம நிக்குது.”

அம்மா நம்பவில்லை. டப்பாவைக் கவிழ்த்து, எந்த மாதிரிப் பாடத்திலும் வராத ஒரு சொல்லுக்கு மூன்று சில்லுகளை அடுக்கினாள். வக்கீல் முதல் சில்லைத் தொட்டுவிட்டு, விடை தேடி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“இது அநியாயம்,” என்றது வக்கீல் குரல்.

“நீ படி.”

துண்டுக்குள் சோப்பு வாசனை அடித்தது. சில்லை விரல் தடவும் சத்தம். ஒரு ஒலி. நெடுநேரம் கழித்து இன்னொன்று. ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

“ப… ட… ம். படம்.” பிறகு சந்தேகத்தோடு, “படம்தானே?”

அம்மா துண்டை உடனே எடுக்கவில்லை. எடுத்தபோது கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தாள். நேற்று எட்டுப் பக்கத்துக்கு வராத கண்ணீர் இந்த ஒரு சொல்லுக்கு வந்திருந்தது.

படிவத்தை எடுத்து, பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்க உட்கார்ந்தாள். அதற்குள் வக்கீல் நிபந்தனைகளோடு வந்துவிட்டாள். பாடம் பதினைந்து நிமிடம், ஒரு நிமிடம் கூடக் கூடாது. கலங்கரை விளக்கக்காரி புத்தகமும் வாங்க வேண்டும், ஆனால் அது பாடம் இல்லை.

“நீதான் வாசிக்கணும். நான் படுத்துக்கிட்டுக் கேப்பேன். நடுவுல ‘இது என்ன எழுத்து’ன்னு கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன்.”

“அப்பா சாட்சி.”

“என்னை எதுக்கு இழுக்குறே?” என்றார் அப்பா. ஆனாலும் தலையாட்டினார். அம்மா கட்டத்தில் டப்பாவின் பெயரைப் பேனாவால் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை படிவம் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலம் ஏழாம் பாடம். புது எழுத்து ஒன்றே ஒன்று. மணலைத் தரையெல்லாம் சிந்திப் பதினோரு நிமிடத்தில் முடித்த வக்கீல், மீதி நான்கு நிமிடம் யார் கணக்கில் வரும் என்று வாதாட ஆரம்பித்தாள்.