பழைய கறையா, புதிய கறையா

பாலம் வேண்டும் என்று கத்தியவள் நான்தான். அதே பாலத்தால் என் வீடு போகப் பார்த்தபோது யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெரு ஆற்றின் தாழ்ந்த கரையில் இருக்கிறது. அலுவலகங்கள் எல்லாம் மேட்டுக் கரையில். மொட்டை மாடியில் நின்றால் அங்கே ஜன்னலோரம் நின்று காபி குடிப்பவர்களைப் பார்க்கலாம். போய்ச் சேர மட்டும் ஊரைச் சுற்றி இரண்டு பஸ் மாறவேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதைத் தூக்கிக்கொண்டு போன இடத்திலெல்லாம் முதலில் மார்க்கைப் பார்த்தார்கள், அப்புறம் விலாசத்தைப் பார்த்தார்கள். "அங்கேருந்தா? தினமும் நேரத்துக்கு வந்துருவீங்களா?" அதோடு சரி.

ஆகவே, பெரிய அதிகாரி ஒருவர் குறை கேட்க வந்த அன்று தெருவே என் முதுகில் கைவைத்துத் தள்ளியது. "படிச்ச புள்ள, நீ பேசு." நான் எங்கே பேசினேன், கத்தினேன். பாலம் எப்படியோ வந்தது. அதற்குள் எனக்கே பாலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பாலம் வந்ததும் வேலை வந்தது. வாகனக் காப்பீட்டு அலுவலகம். அடிபட்ட கார்களின் படத்தைப் பார்த்து, கீறல் பழசா புதுசா என்று சொல்லவேண்டும். பழைய கீறலுக்குப் பணம் கிடையாது. ஓரத்தில் துரு ஏறியிருக்கிறதா, தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என் மேடம். மேட்டுக் கரை ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கும் அம்மாவும் இருட்டோடு கிளம்புவதை விட்டாள்.

வேலைக்குப் பின்னாலேயே வீட்டுக்காரர் வந்தார். "இனிமே இது வேற ஏரியாம்மா. புது வாடகை குடுங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க." புது வாடகை என்பது என் சம்பளத்தில் பாதி. காலி செய்தால் ஊருக்கு வெளியே போகவேண்டும். மறுபடி இரண்டு பஸ். வீடு பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு இருந்த வெள்ளக் கறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதில் ஒருவன் அம்மாவைப் பார்த்து, "இதுலயா மனுஷங்க இருக்கீங்க?" என்று சிரித்தான். வீட்டுக்காரர் எரிச்சலோடு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை இன்னும் ஒருத்தர் வர்றாங்க. அவங்களும் வேணாம்னுட்டா நீங்களே பழைய வாடகைக்குக் கெடங்க."

தெரு முனையில் இஸ்திரிக்கார அண்ணன் விடவில்லை. "என்ன பாலம், ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, உனக்கே பந்தியில எடம் இல்லையாமே?"

ஞாயிறு காலையிலிருந்து அம்மா தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறையை மறைத்து ஒரு பழைய சேலையைக் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"அதை எதுக்கும்மா மறைக்கிற? அதுதானே நம்மளக் காப்பாத்துது?"

"வர்றவங்க மூஞ்சி சுளிக்கணுமா? இன்னொரு தடவை என்னால கேக்க முடியாதுடி."

கதவைத் தட்டியது வீட்டுக்காரர். பின்னால் நின்றது என் மேடம்.

"இது உன் வீடா?" அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க எதுக்கு மேடம் இந்தப் பக்கம்?"

"மேட்டுக் கரையில எங்களால தாக்குப்புடிக்க முடியல. பாலம் வந்ததும் எங்க தெரு முழுக்கக் கடையாகுது. நாங்க வாடகைக்கு இருக்கற வீட்டையும் இடிச்சு லாட்ஜ் கட்டப்போறாங்களாம்."

என் கோபம் நட்டாற்றில் நின்றது. என்னைத் தள்ள வந்தவரையே யாரோ தள்ளியிருக்கிறார்கள். அந்த யாரோவைத் தள்ளியது யார்? நான் கேட்ட பாலமா?

"உக்காருங்க மேடம்," என்றாள் அம்மா. "இவ எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவா." பேசியது உண்மை. என்ன பேசினேன் என்று அம்மா சொல்லாதது என் நல்ல காலம்.

மேடம் உட்காரவில்லை. நேராகப் போய்ச் சேலையை விலக்கினார். எங்கள் தொழில் புத்தி அது. குனிந்து, கறையை நகத்தால் சுரண்டினார்.

"அது எந்தக் காலத்துலயோ வந்தது," என்றார் வீட்டுக்காரர்.

மேடம் அம்மாவைப் பார்த்தார்.

"பழசுதான் மேடம். நாங்க குடிவர்றதுக்கு முந்தியே இருந்துச்சு."

போன மழையில் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி அதன் மேல் நின்றவள், சேற்றை வாரிக் கொட்டியவள், மகளின் மேலதிகாரி முன்னால் மானம் போகக்கூடாதென்று வீட்டையே தாரைவார்க்கிறாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். அலுவலகக் குரல். "நீ சொல்லு. பழசா, புதுசா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"ஓரம் இன்னும் உதிருது மேடம். புதுசு. போன மழை."

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்காரருக்கு வேர்க்கக்கூட இல்லை.

"ரெண்டு அடி தரையைத் தூக்கிக் குடுத்துடறேன் மேடம். வாசல்லயும் செவுரு வெச்சுடலாம். தண்ணி எட்டிக்கூடப் பாக்காது."

"நாங்க கேட்டப்ப முடியாதுன்னீங்களே?"

"நீ குடுத்த வாடகைக்கு நான் தலையைத் தூக்கிப் பாத்ததே பெரிசும்மா."

மேடம்தான் கேட்டார்: "அப்ப இங்க வர்ற தண்ணி எங்க போகும்?"

"எதுத்தாப்புல." எதிர்வீடும் அவருடையதுதான். இதைவிடப் பள்ளம், பூட்டியே கிடந்தது. சொன்ன கையோடு என்னைப் பார்த்தார். "வேணும்னா அங்க வந்துருங்க. பழைய வாடகையே போதும்."

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "எடுத்துக்கறோம்." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளம்பும்போது மேடம் மெதுவாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காத. நான் இல்லைன்னா வேற யாராவது வரத்தான் போறாங்க." உண்மைதான். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்றுதான் விளங்கவில்லை.

அன்றிரவு அம்மா ஒரே ஒரு தடவை பேசினாள். "பாலம் பக்கத்துலயேதானே இருக்கோம். அப்புறம் என்ன?"

இப்போது மேடம் எதிர்வீட்டுக்காரி. தினமும் அவருடைய ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறேன். பஸ் காசு மிச்சம். தெரிந்தவர்கள் எல்லாரும் எனக்கு அதிர்ஷ்டம் என்கிறார்கள். இருக்கலாம்.

இன்று காலை வானம் கறுத்திருந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டே மேடம் கேட்டார்: "கட்டிலைத் தூக்கி வெச்சுட்டீங்களா?" நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

"வெச்சாச்சு மேடம்."

பாதிப் பாலத்தில் முதல் துளி விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் பழைய வீட்டின் உயர்ந்த வாசலில் புது சிமெண்ட் பளிச்சென்றிருந்தது. எதிரே அம்மா கோணிப்பையில் மண் நிரப்பி எங்கள் வாசலை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"நனையறதுக்குள்ள போயிடலாம், கெட்டியாப் புடிச்சுக்கோ," என்றார் மேடம்.

வண்டியை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.