குரைத்தால் விட்பி

வெக்ஸ்போர்டில் இருந்த வீட்டில் நாய் வாஃபிளுக்கு எல்லைகள் தெளிவாக இருந்தன. வீட்டுக்குக் கீழேயிருந்த பேஸ்மென்ட் முழுக்க அதனுடையது. மேல்படி வரைக்கும் வரலாம். அதற்கப்பால் குசினி, குசினிக்கு அப்பால் சாமியறை. இரண்டும் கமலாம்பிகையின் ஆட்சி. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை காலை, வாசலில் வந்து நின்ற நீளமான வாகனத்துக்குள் ஏறியதும் வாஃபிள் முதலில் தேடியது பேஸ்மென்டைத்தான். காணவில்லை. கட்டில், அடுப்பு, முருகன் படம், கக்கூஸ் எல்லாம் ஒரே அறைக்குள் இருந்தன. இவ்வளவு பெரிய வீட்டுக்குச் சில்லுப் பூட்டத் தெரிந்தவர்கள் பேஸ்மென்டை எப்படி மறந்தார்கள் என்று அதற்கு விளங்கவில்லை.

"இதுதான் ஆர்.வி.," என்று திறப்புவிழாவில் பேசுவதுபோலச் சொன்னார் சச்சிதானந்தன். அவர் ஊர்ச் சங்கத்தின் தலைவர். வீட்டிலும் தலைவராக இருக்க இருபது வருடமாக முயன்றுகொண்டிருந்தார். "அல்கொன்குவின் காட்டுக்கு நாலு நாள் பயணம். சகல வசதியும் உள்ளுக்கை இருக்கு. கக்கூஸ்கூட இருக்கு. வழியில நிப்பாட்டவே தேவையில்லை."

"சாமி இருக்கிற இடத்தில, சோறு காய்ச்சிற இடத்தில கக்கூசோ?" என்றார் அவர் மனைவி கமலாம்பிகை.

அத்துடன் கக்கூஸின் கதை முடிந்தது. அதற்குள் மடிப்புக் கதிரைகளை அடுக்கிக் கதவைச் சாத்தினார்கள்.

தலைவர் எஞ்சினை முடுக்கினார். வாஃபிளின் காலடியில் நிலமே உறுமியது. அது சும்மா இருக்குமா? ஒரு தடவை குரைத்தது.

"இறங்குங்கோ எல்லாரும்!" என்றார் கமலாம்பிகை. "வெளிக்கிடேக்க நாய் குரைச்சாப் போற காரியம் உருப்படுமோ?"

எல்லாரும் இறங்கி, கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, திரும்ப ஏறினார்கள். ஏறும்போதே தீர்ப்பும் வந்தது. "இன்னொருக்கா வெளிக்கிடேக்க உது குரைச்சுதெண்டா, திரும்பி வந்த கையோட விட்பிக்குத்தான். பாக்கியராசா அண்ணை வச்சிருக்கிறன் எண்டவர். அங்க பெரிய வளவாம்."

"அம்மா, ப்ளீஸ்! ஹீ இஸ் ஃபாமிலி!" என்றாள் மகள் நிலாணி.

"ஃபாமிலியெண்டா வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். நான் இருக்கேல்லையே?"

விட்பி என்றால் என்னவென்று வாஃபிளுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நிலாணியின் கை அதன் கழுத்தை இறுக்கிய விதத்தில், அது நிலாணி இல்லாத இடம் என்று விளங்கிவிட்டது. இனிக் குரைப்பதில்லை என்று அது அந்தக் கணமே முடிவெடுத்தது.

நெடுஞ்சாலை ஏறியதும் நிலாணி காதில் ஹெட்போனை மாட்டி முன் சீட்டில் தூங்கினாள். கமலாம்பிகை பின்னால் கட்டிலுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தார். தலைவர் ஸ்பீக்கர்ஃபோனில் சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தை ஆரம்பித்தார். கோடைகால ஒன்றுகூடலில் யார் முதலில் பேசுவது என்பது பற்றிய கூட்டம். யார் கடைசியில் பேசுவது என்பதில் பிரச்சினை இல்லை, அது தலைவர்.

பாரி நகருக்குக் கிட்ட, ஓய்விடம் ஒன்றில் பெற்றோல் அடிக்க நிறுத்தினார்கள். கமலாம்பிகை திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். கக்கூஸ் கதவை ஒரு முறை முறைத்துப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, நான் வாஷ்ரூம் போட்டு வாறன்."

"ஓம், ஓம், அதை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளுறம்," என்றார் தலைவர், போனில் நடந்த கூட்டத்துக்கு.

கமலாம்பிகை இறங்கினார். கதவு மூடிக்கொண்டது. பெற்றோல் அடித்து முடிந்தது. வண்டி நகர்ந்தது.

வாஃபிள் திரும்பிப் பார்த்தது. திரைச்சீலை ஏசிக் காற்றில் மெதுவாக அசைந்தது, யாரோ மூச்சு விடுவதுபோல. மனிதர்கள் அதை நம்பலாம். வாஃபிளுக்கு மூக்கு இருக்கிறது. திருநீறும் வறுத்த மிளகாய்த்தூளும் கலந்த அந்த வாசம் வண்டிக்குள் இல்லை. அது வெளியே, பின்னால், தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

இது வாஃபிளுக்கு வாய்ப்பான நேரம். விட்பிக்கு அனுப்பக்கூடிய ஒரே ஆள் இறங்கிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகவும் ஆகும்.

ஆனால் கமலாம்பிகை மீன் காய்ச்சும் நாட்களில், வாஃபிளின் கோப்பையில் போடுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் விரலால் பிசைந்து முள் எடுப்பார். நாயைத் தொடமாட்டார். நாயின் தொண்டையில் முள் குத்துவதும் அவருக்குப் பிடிக்காது. மற்ற இருவரும் அதைக் கட்டிப்பிடிப்பார்கள், படம் பிடிப்பார்கள். முள் எடுத்ததில்லை.

வாஃபிள் குரைத்தது. ஒன்றல்ல, வாழ்நாளுக்குச் சேர்த்துவைத்திருந்தது அத்தனையும்.

"தலைவர், அங்க ஆர் குறுக்கிடுறது?" என்றது போனில் ஒரு குரல். செயலாளர் பாக்கியராசாதான், விட்பியிலிருந்து.

"உங்கட வீட்டுக்கு வரப்போறவர்தான் அண்ணை. நீங்கள் தொடருங்கோ." தலைவர் பின்பக்கம் குரல் கொடுத்தார். "கமலா, கேட்டனியே? வெளிக்கிடேக்கயே குரைச்சிட்டுது. நீ சொன்னதுதான் சரி!"

திரைச்சீலை பதில் சொல்லவில்லை. தான் சொன்னதை மனைவி மறுத்துப் பேசாதது தலைவருக்குப் புது அனுபவம். முகம் மலர்ந்து வண்டியை இன்னும் வேகமாக விட்டார்.

வாஃபிள் பின்னால் ஓடித் திரைச்சீலையைப் பல்லால் கவ்வி இழுத்தது. கம்பியோடு சேர்ந்து அது விழுந்த சத்தத்தில் நிலாணி எழும்பினாள்.

"அப்பா! அம்மா எங்க?"

"பின்னால படுத்திருக்கிறா."

"அது பில்லோ அப்பா! லிட்டரலி பில்லோ!"

பாக்கியராசா போனில் மெல்லக் கேட்டார், "தலைவர், தங்கச்சியை எங்க விட்டனியள்?"

அடுத்த வெளியேறும் பாதை வெகு தூரத்தில் இருந்தது. அந்த நீள வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர்கள் வந்து சேர்ந்தபோது கமலாம்பிகை ஓய்விட வாசலருகே வாங்குப் பலகையில், மடியில் ஹாண்ட்பேக்கை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல இருந்தார். அவருடைய போன் வண்டிக்குள் சார்ஜில் கிடந்தது.

"அம்மா, ஆர்.வி. போறதைக் கண்டனீங்களோ?"

"கண்டனான். கையெட்டுற தூரத்திலதான் நிண்டனான்."

"பின்ன ஏன் கூப்பிடேல்லை?"

"வெளிக்கிட்ட ஆக்களைப் பின்னால நிண்டு கூப்பிடுறதோ?" என்றார் கமலாம்பிகை. "உங்களுக்கு ரோட்டில ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "நான் உடனேயே கவனிச்சிட்டன் கமலா. பாதுகாப்பான இடத்தில திருப்பவேணுமெல்லோ."

"வாஃபிள்தான் கத்தினது," என்றாள் நிலாணி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கமலாம்பிகை வாஃபிளைப் பார்த்தார். "வெளிக்கிடேக்கயோ குரைச்சது?"

வாஃபிள் வாலை அடக்கிக்கொண்டு நின்றது.

கமலாம்பிகை கொஞ்சம் யோசித்தார். "நான் ஏறாமல் என்ன வெளிக்கிடுறது?" என்றார். "எல்லாரும் ஏறினாத்தான் வெளிக்கிடுறது. அப்ப இன்னும் வெளிக்கிடேல்லை. குரைச்சது கணக்கில வராது."

தலைவரின் கையிலிருந்த போனுக்குள்ளிருந்து பாக்கியராசா, "அப்ப தங்கச்சி, நான் வாங்கிவச்ச நாய்ச் சங்கிலி?" என்றார்.

"வச்சிருங்கோ அண்ணை. உங்கட தலைவரை அனுப்பிவிடுறன்."

கூட்டம் ஏகமனதாகச் சிரித்தது. தலைவர் போனை நிறுத்தினார்.

கமலாம்பிகை வண்டிக்குள் ஏறினார். புதிதாக வெளிக்கிடுவதென்றால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும் என்று எல்லாருக்கும் டம்ளரில் வார்த்துக் கொடுத்தார். பிறகு முருகன் படத்துக்கு முன்னால், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு கோப்பையைக் கீழே வைத்தார்.

"வண்டியை எடுக்கட்டே?" என்றார் தலைவர், எஞ்சின் திறப்பில் கையை வைத்தபடி.

"பொறுங்கோ. அது குடிச்சு முடிக்கேல்லை."

வாஃபிளுக்கு அவசரமில்லை. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. தலைவர் காத்திருந்தார்.