இரண்டாவது பிடி

மாவுக்கட்டுக்குள் வலது மணிக்கட்டு விட்டுவிட்டு வலித்தது. வலியாவது பரவாயில்லை, அரிப்புதான் உயிரை எடுத்தது. துடைப்பக் குச்சி ஒன்றை உள்ளே விட்டுச் சொறிந்தபடி அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கொழுந்தன் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துக்கொண்டிருந்தான். வளைந்த ஹாண்டில்பாரை நேற்றே தட்டி நிமிர்த்தியாயிற்று. முன் மட்கார்டு மட்டும் இன்னும் நசுங்கிக் கிடந்தது.

அவள் அதில் விழுந்த அன்றையிலிருந்து வண்டி ஓடவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் மர அறுவை மில்லில் வேலை, ஒருவனுக்குக் காலை, மற்றவனுக்கு மாலை. இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி. மில் வாசலில் சாவி கை மாறும். ஓட்டும்போது இருவருக்கும் சொந்தம், பெட்ரோல் தீர்ந்தால் யாருக்கும் சொந்தமில்லை. இப்போது இருவரும் ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய்வருகிறார்கள். அந்தக் கோபமும் அவள் தலையில்தான் விடிந்தது.

அவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி விரிப்புகளையும் லாட்ஜ் விரிப்புகளையும் வெளுக்கிற சலவைக் கூடத்தில். கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் ஈர விரிப்பைச் சுருக்கமில்லாமல் செலுத்த வேண்டும், முதல் ஷிப்டு. விடியற்காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனுக்கு லீவு, வண்டி சும்மா நின்றது, எடுத்துக்கொண்டு போனாள். அவள் லைசென்ஸ் வாங்கியதே அந்த வண்டியில்தான். அப்போதெல்லாம் பிரேக்கை விரலால் தொட்டால் நிற்கும். கூடத்துச் சரிவில் இறங்கும்போது வேன் ஒன்று பின்னால் வந்தது. முன்பிரேக் லீவரைப் பிடித்தாள். அது தடையே இல்லாமல் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொண்டது. கால் பிரேக்கை மிதித்தாள், பின்சக்கரம் வழுக்கியது. கேட்டுத் தூண்தான் அவளை நிறுத்தியது.

பிரேக் பிடிக்கவில்லை என்று தரையில் கிடந்தபடியே சொன்னாள். சேதி கேட்டு ஆட்டோ பிடித்து வந்த புருஷன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி லீவரை டக் டக்கென்று அமுக்கிக் காட்டினான். சக்கரம் நின்றது. "பாருங்க, நல்லாத்தானே பிடிக்குது. கை ஒதறி விழுந்துட்டு வண்டிமேல பழி போடறா" என்றான். உருளை ஓட்டுகிற பெண்கள்கூடச் சிரித்தார்கள். இனி வண்டியோடு இந்த கேட்டுக்குள் வரக்கூடாது என்றார் சூப்பர்வைசர். பஸ் இல்லை, வண்டியும் இல்லை என்றால் முதல் ஷிப்டு இல்லை. கட்டுப் பிரித்ததும் வேலையை விட்டுவிடு என்று புருஷன் இரண்டு முறை சொல்லிவிட்டான். சொல்லச் சொல்ல அவளுக்கே தன் கைமேல் நம்பிக்கை போய்விட்டது. பயந்து லீவரை விட்டிருப்போமோ என்று நினைத்து நினைத்து, விட்டது போலவே ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது.

"அண்ணி, ஒரு கை குடுங்க" என்றான் கொழுந்தன்.

"ஒண்ணுதான் இருக்கு" என்று எழுந்து போனாள்.

அவன் பிரேக் ஆயில் வாங்கி வந்திருந்தான், சீல் பிரிக்காத சின்னப் பாட்டில். எந்த ரகம், டாட் மூணா நாலா என்று கடைக்காரர் கேட்டதற்குப் பதில் தெரியாமல் திரும்பி வந்து, ஹாண்டில்மேல் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியை எச்சில் தொட்டுத் துடைத்து, நாலு என்று படித்துவிட்டு மறுபடி போனானாம். டேங்க்மேல் ஈரத்துணி போர்த்தியிருந்தான். இந்த ஆயில் சொட்டினால் பெயிண்ட் உரிந்துவிடும். சக்கரத்துப் பக்கத்துச் சின்ன நட்டில் டியூப் மாட்டி, மறு முனையை ஒரு பழைய பாட்டிலுக்குள் விட்டான். லீவரை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், நட்டைத் திறந்து மூடும்வரை விடக்கூடாது, விட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தான்.

வண்டிக்கு எதிரே நின்று, இடது கையை நீட்டி லீவரைப் பிடித்து அமுக்கினாள். அது தடையே இல்லாமல் கைப்பிடிவரை வந்தது.

இடது கைதான், ஆனாலும் அதே வழுக்கல்.

"தம்பி, பிடிக்கலையே."

அவன் ஸ்பேனரை நட்டில் பொருத்திக்கொண்டே, நிமிராமல் சொன்னான். "மொதல் தடவ பிடிக்காது அண்ணி. விட்டுட்டு ஒடனே இன்னொரு தடவ அமுக்குங்க. ரெண்டாவதுல வந்துடும்."

அவள் அமுக்கவில்லை.

"எத்தன நாளா இப்படி?"

"அது ரொம்ப நாளா. எங்களுக்குப் பழகி..." ஸ்பேனர் நின்றது.

டக் டக். புருஷன் கை அன்றைக்கு இரண்டு தடவை அமுக்கியதை அத்தனை பேரும் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள்.

"ஒங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா தெரியும்ங்கறதே மறந்துபோச்சு அண்ணி. கை அதுபாட்டுக்கு ரெண்டு தடவ அமுக்கிடும். எனக்கும் அப்படித்தான்." பிறகு, கேட்காமலே மீதியையும் சொன்னான். ஆயில் குறைந்தபோது ஊற்றியது அவன்தான். குளியலறை ஜன்னலில் மூடி வெடித்துக் கிடந்த அரைப் பாட்டில். திறந்து வைத்தால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும், பிரேக் பிடிக்காது என்று இன்றைக்குத்தான் கடைக்காரர் சொல்லித் தெரிந்ததாம். அதனால்தான் சீல் போட்டதாகக் கேட்டு வாங்கி வந்தேன் என்றான், அதில் ஏதோ கணக்குத் தீர்ந்துவிட்டது போல.

அவனை அறைந்திருக்கலாம். இருந்தது ஒரு கை, அது லீவரில் இருந்தது. "நட்டத் தொற" என்றாள்.

டியூபில் பழைய டீ நிறத்தில் ஆயில் வந்தது, நடுநடுவே குமிழ்கள். அமுக்கினாள், பிடித்தாள், விட்டாள். டப்பாவில் குறையக் குறைய அவன் எழுந்து புது ஆயிலை ஊற்றினான். அவனுக்கு அவளைப் பிடிக்கும், கஞ்சி ஆறினால் சூடு பண்ணிக் கொடுக்கிற பிள்ளை. அண்ணன் முன்னால் மட்டும் அவனுக்கு வாய் இருக்காது. புருஷனும் கெட்டவனில்லை, ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கிக்கொண்டு மாடியேறியவன். இரண்டு நல்ல ஆண்கள் சேர்ந்து தன் கையை உடைத்துவிட்டுத் தன்னைப் பார்த்தே எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார்கள் என்பதை எந்தப் பக்கம் வைத்து யோசிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. குமிழ்கள் நின்றன. ஆயில் தெளிந்து வந்தது. விரல்களுக்கு அடியில் லீவர் மெல்ல இறுகி, கடைசியில் பாதி வழியிலேயே கல்லாக நின்றது. இத்தனை சுலபமா என்று நினைத்தபோதுதான் கண் கலங்கியது.

"நாளைக்கு என்கூட எங்க கூடத்து கேட்டுக்கு வர்ற. சூப்பர்வைசர்கிட்டயும் சிரிச்சவங்ககிட்டயும் இதச் சொல்ற" என்றாள்.

"அண்ணன் ஏதாவது..."

"அவருக்கு மொதல்ல சொல்லு. என் முன்னால."

அவன் தலையாட்டினான்.

தெருவில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. புருஷன் மரத்தூள் வாசனையோடு வந்து, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "என்னடா பண்ணின?"

கொழுந்தன் அவளைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த துணியைப் பார்த்தான்.

"ஆயில் மாத்தினேன்ணே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

புருஷன் உள்ளே போனான். சட்டையை உதறும் சத்தமும், சோறு எங்கே என்று கேட்கும் குரலும் வந்தன. கொழுந்தன் குழாயடியில் குந்தி, சோப்புத் தூளைக் கொட்டி, கருப்பே இல்லாத கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். அவள் வண்டியின் பக்கத்திலேயே நின்றாள், லீவரை விடாமல். பிரேக் பழுதாகித்தான் அவள் விழுந்தாள் என்ற அந்த ஒரு பேச்சு, ஊரறிய, அண்ணனும் தம்பியும் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி.