நூற்றுப் பதினாலில் அறுபத்தொன்று

நான்கே முக்காலுக்கு அலாரம் அடித்தது. எழுந்து பல் துலக்கி, ஒளு செய்து, ஃபஜ்ர் தொழுதேன். என் மனைவி நஜீஹா நீலச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள். அன்று தேநீர் இல்லை. குப்ஸ் ரொட்டி, சீஸ், ஒரு குவளைத் தண்ணீர். நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஐந்தரைக்கு ஷூ போட்டேன். இடது ஷூவின் கயிறு அறுந்திருந்தது; முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அஜ்மானிலிருந்து துபாய்க்குக் கார் லிஃப்ட், நாலைந்து பேர் பணம் கொடுத்துச் சேர்ந்து போகும் வண்டி. ஐந்து நிமிடம் தாமதித்தால் வண்டி போய்விடும்.

வாசலில் நஜீஹா ஒன்று சொன்னாள். "சரி" என்றேன். கைபேசி அடித்தது.

அஹ்சன். கௌஸ் முகைதீன் ஹாஜியாரின் அக்கா மகன்.

"மாப்ள, நம்பர் சொல்லு. மாமா கேக்குறாஹ."

"நூத்திப் பதினாலுல அறுபத்தொண்ணு."

"நேத்து அறுபத்திமூணுன்னே?"

"அந்த டெய்லர் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் லுக்மான் பக்கம் போயிட்டாங்க."

"எவன் பேச்சக் கேட்டு? சரி, மத்தவங்கள ஒவ்வொரு பேரா சொல்லு."

நான்கு மாடியும் பேர் சொல்லிக்கொண்டே இறங்கினேன். கீழே நாத்தூர், கட்டடத்துக் காவல்காரர், வாளியும் துணியுமாக ஒரு காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கை தூக்கினார். நானும் தூக்கினேன். வண்டி வந்தது. ஏறிக்கொண்டு முப்பத்தெட்டாவது பேரைச் சொன்னேன்.

ஆறு இருபதுக்கு எங்கள் சமையலறை வெடித்தது. நான் ஷார்ஜா தாண்டாமல் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஏழு, மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை.

வாசலில் அவள் சொன்னதை அதன்பின் நாற்பது நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் அமைப்பு ஊரில் கட்சி. இங்கே கட்சி நடத்தக் கூடாது என்பதால் நலப் பேரவை என்று பெயர். அமீரகம் முழுவதற்கும் ஒரு தலைவர். அந்தப் பதவிக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று முதலில் கிளைகள் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு வருடமாக அந்த ஓட்டு நடந்ததில்லை. ஹாஜியார் பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள், பிரியாணி வரும். ஊர்த் தலைமையும் அவர் பக்கம், கடைக்காரர்களும் அவர் பக்கம். அந்த வருடம் லுக்மான் எதிர்த்து நின்றார். சனையாவில், அதாவது அஜ்மானின் பட்டறைப் பகுதியில், டயர் கடை வைத்திருந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் காக்கா என்று கூப்பிடுவோம். மற்றக் கிளைகள் போட்டு முடித்தபோது இரண்டு பேரும் ஏறக்குறைய சமம். அஜ்மான் கடைசி. நூற்றுப் பதினாலு ஓட்டு.

நான் திருச்சியில் புள்ளியியல் படித்தவன். ஹாஜியார் குத்தகைக்கு எடுத்த கட்டடத்தில் குடியிருந்தவன். அங்கே குடியிருப்பவர்கள் ஹாஜியாரின் வேலையைச் செய்வார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை. உறுப்பினர் பட்டியலை அஹ்சன் என்னிடம் தந்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று குறித்தேன். ஒன்று நிச்சயம். இரண்டு பேசினால் வரும். மூன்று வராது. அவருடைய வாய்ப்பு என்ன என்று தினமும் காலையில் சொல்வது என் பொறுப்பு. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு ஃபிளாட்டை ஹாஜியார் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார். ஜன்னல் அடுத்த பாதிக்குப் போய்விட்டது. எங்கள் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. வெடித்தபோது பலகைச் சுவர் முழுதாகப் பெயர்ந்து அவள்மேல் விழுந்து எரிந்தது. நான் போய்ப் பார்த்தபோது அடுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மருத்துவமனையில் மூன்று நாள். முதல் மணி நேரத்திலேயே தொண்டைக்குள் குழாய் போட்டுவிட்டார்கள். முகத்தில் கண் மட்டும் தெரிந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை காலை மூடிக்கொண்டது. இரண்டாம் நாள் ஹாஜியார் வந்தார். உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நான்கு நிமிடம் நின்றார். பழக்கூடை ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடக்கத்துக்கு எல்லாம் அவர் ஆட்கள்தான் பார்த்தார்கள். குழி, கஃபன் துணி, பேப்பர், எல்லாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் அஹ்சன் அரபியில் ஒரு காகிதம் கொண்டுவந்தான்.

"நஜீஹா அடுப்ப மூடாம தூங்கிட்டான்னு எழுதியிருக்கு. சைன் பண்ணு மாப்ள. இல்லாட்டி முனிசிபாலிட்டிக்காரன் கட்டடத்த சீல் வச்சிருவான். முப்பது குடும்பம் ரோட்டுல நிக்கும்."

அரபி எழுத்து எனக்கு வாசிக்க வரும். பொருள் தெரியாது. கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

லுக்மான் விடவில்லை. கடை கடையாகப் போய்க் கேட்டார்: "அந்தக் கட்டடத்துல கேஸ் பைப்ப மாத்தி எத்தன வருஷம் ஆச்சு? மௌத்தான புள்ள மேலயா பழிய போடுறது?" இரண்டு வாரத்தில் ஹாஜியாருக்கு நாற்பத்தேழு ஆயிற்று. நான் அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தேன். தொழிலாளர் கேம்ப் அறை ஒன்றில் எனக்கு ஒரு கட்டில் கிடைத்திருந்தது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

லுக்மான் அந்த அறைக்கு வந்தார்.

"தம்பி, வெடிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் புள்ள உன்கிட்ட எதாச்சும் சொன்னுச்சா?"

"இல்ல காக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு வார்த்த போதும். அவ பேருக்கு வந்த பழியத் தொடச்சிரலாம்."

"இல்ல."

அவர் என் ஷூவைப் பார்த்தார். முடிச்சை நான் மாற்றவில்லை. எழுந்து போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அஹ்சன் காரில் வந்தான். பின் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அபுதாபி முசஃபாவில் வெல்டர்கள். அஜ்மானில் அவர்களை யாருக்கும் தெரியாது.

"ஏறு மாப்ள. லுக்மான்ட்ட பேசப் போறோம். நீ வந்தாத்தான் ஷட்டரத் திறப்பான்."

வெள்ளி மதியம் சனையாவில் ஈ காக்கை இல்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "காக்கா" என்று கூப்பிட்டேன். குனிந்து வெளியே வந்தார், கையில் சோற்றுப் பருக்கையோடு. முதல் அடி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. டயர் கழற்றும் கம்பி. அவர் கடையிலேயே எடுத்தது. விழுந்தவரை உள்ளே இழுத்துப் போட்டு ஷட்டரை இறக்கினார்கள்.

"ஜல்தி கரோ பாய்" என்றான் ஒரு வெல்டர், இன்னொருவனிடம். ஏதோ டியூட்டிக்கு நேரமாவதுபோல.

லுக்மான் காலால் உதைத்தார். பலமான ஆள். அஹ்சனின் வயிற்றில் ஒன்று பட்டது.

"ரிபாய், கால புடிடா!"

பிடித்தேன். இரண்டு கணுக்காலையும் என் அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டேன். இடது கையை ஒரு டயரின் விளிம்பில் நீட்டி வைத்து அதன்மேல் கம்பியை இறக்கினார்கள். முதல் தடவை உடையவில்லை. இரண்டாம் தடவை சத்தம் கேட்டது. அவர் கத்தியது ஷட்டரில் பட்டுத் திரும்பி வந்தது. நெற்றி பிளந்து இரத்தம் கண்ணை மூடியது. வலது கையை ஒரு வெல்டர் மிதித்திருந்தான்; துடைக்க அவருக்குக் கை இல்லை. துடைக்காமலே என்னைப் பார்த்தார்.

"நீயாடா கால புடிக்கிறே? ஒம் பொஞ்சாதிக்காகத்தானடா நான் பேசுறேன்."

"இன்னும் பேசுறான் பாரு" என்று சிரித்தான் அஹ்சன். வாயில் உதைத்தான். ஒரு பல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

காரில் திரும்பும்போது ஏ.சி.யை எனக்கு நேரே திருப்பி வைத்தான். "இப்ப நம்பர் என்ன மாப்ள?"

பயப்படக்கூடியவர்களை மனதுக்குள் கூட்டினேன். "அம்பத்தஞ்சு."

"அம்பத்தெட்டு வேணும்ல? மூணு பேருதான். அத மாமா பாத்துக்குவாஹ."

அவர் அதை எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்பது ஓட்டெடுப்பு நாளில்தான் தெரிந்தது. ஒரு உணவகத்தின் மாடி ஹால். அஸர் தொழுகைக்குப் பிறகு. கார் நிறுத்துமிடத்தில் அஹ்சன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மாமா மேடையில ஒண்ணு சொல்லுவாஹ. ஆஸ்பத்திரியில நஜீஹா கடைசியா அவஹ கையப் புடிச்சிக்கிட்டு, 'ஹாஜியார், எந் தப்புதான், அடுப்ப மூட மறந்துட்டேன், மன்னிச்சிருங்க'ன்னு சொன்னதா. ஒன்னக் கூப்புடுவாஹ. ஆமான்னு சொல்லிட்டு எறங்கிரு. ஒத்த வார்த்த."

"தொண்டையில குழாய் இருந்துச்சு."

"என்னது?"

"குழாய் இருந்துச்சு. அவ பேசல. அவரு உள்ளயே வரல."

"ஹால்ல இருக்குற எவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான்? நீ சொன்னா நம்புவான்."

என் வலது கை திறந்திருந்த கார்க் கதவின் தூணில் இருந்தது. அதைப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்தினான். அவசரமில்லாமல், வழக்கமாகச் சாத்துவதுபோல. மூன்று விரல்கள் உள்ளே இருந்தன. கதவைத் திறந்து, தன் கைக்குட்டையை எடுத்து அவனே கட்டிவிட்டான்.

"இன்னொரு கை மிச்சம் இருக்கு மாப்ள. கலாஸ், முடிஞ்சுச்சு. வா."

ஹாலில் முன் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். கைக்குட்டை நனைந்து சொட்டியது. பக்கத்தில் இருந்தவர் தன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். கடைசி வரிசையில் லுக்மான் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். வரமாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஹாஜியார் நன்றாகப் பேசுவார். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை மய்யித்தை ஊருக்கு அனுப்பினார், எத்தனை பேரை ஜெயிலிலிருந்து எடுத்தார் என்று சொன்னார். எல்லாம் உண்மை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் புள்ள, நம்ம ரிபாய் பொஞ்சாதி. என் கையப் புடிச்சிக்கிட்டு என்ன சொன்னுச்சு தெரியுமா?"

சொன்னார். அஹ்சன் சொல்லித் தந்ததற்கு மேல் இரண்டு வரி சேர்த்துச் சொன்னார். "நீங்க எங்களுக்கு வாப்பா" என்றும் அவள் சொன்னதாக. மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குத் தெரிந்து அந்த மூன்று பேரும் பட்டியலில் நான் இரண்டு என்று குறித்தவர்கள். ஐம்பத்தெட்டு வந்துவிட்டது.

"வா ரிபாய், நீயே சொல்லு."

ஏறினேன். மைக்கை இடது கையில் வாங்கினேன்.

"அவ தொண்டையில குழாய் இருந்துச்சு. மூணு நாளும் ஒரு வார்த்த பேசல. ஹாஜியார் கண்ணாடிக்கு வெளியதான் நின்னாஹ."

ஹாஜியார் என் தோளில் கை வைத்தார். "புள்ள துக்கத்துல பேசுது. கூட்டிட்டுப் போங்க."

அஹ்சன் மேடைக்குத் தாவினான். முட்டியால் வயிற்றில் ஒன்று. மைக் கீழே விழுந்து கூச்சலிட்டது. குனிந்த என் முதுகில் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகம் இறங்கியது. டெய்லர்கள் இருவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். யாரோ அஹ்சனின் தலையில் போட்டார்கள். அவன் தேநீர் ஃபிளாஸ்க் அடுக்கியிருந்த மேசைமேல் சரிந்தான். சுடுநீர் அவன் கழுத்தில் கொட்டியது. அவன் போட்ட சத்தத்தைக் கேட்டும் ஒருவரும் நிற்கவில்லை. நாற்பது ஐம்பது பேர், ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே அடித்தார்கள். யாருடைய செருப்புக்காலோ என் நசுங்கிய விரல்கள்மேல் ஏறி இறங்கியது. வலித்தது. நாற்பது நாளில் எனக்கு முதலில் வலித்தது அதுதான்.

"நிறுத்துங்கடா!"

லுக்மான். ஒற்றைக் கையால் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். பல் போன இடம் கறுப்பாகத் தெரிந்தது. என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எங் கால நீ புடிச்சத நான் மறக்க மாட்டேன். அது வேற. இப்பச் சொல்லு. ஆஸ்பத்திரியில பேசலன்னா, அவ கடைசியா எப்பப் பேசுனா? என்ன சொன்னா?"

கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. ஹாஜியாரும் நின்றார். சொன்னால் அவர் மட்டும் விழமாட்டார் என்பது எனக்குத் தெரியும். வெடித்த அன்று காலை நாத்தூர் கை தூக்கியபோது என் காதில் இருந்தது அறுபத்தொன்று என்ற எண். நாத்தூரை நான் தாண்டிப் போனேன்.

அடிதடியில் தள்ளிப்போன ஓட்டு அடுத்த வாரம் நடந்தது. நான் போகவில்லை. ஹாஜியாருக்கு இருபத்தொன்பது என்றார்கள். அந்தப் பட்டியலில் இருந்த நூற்றுப் பதினாலு பேரில் ஒருவரும், லுக்மான் உட்பட, அதன்பின் எனக்கு ஸலாம் சொல்லவில்லை.

அன்று அந்த ஹாலில் மைக் தேவைப்படவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன்.

"மச்சான், கேஸ் நாத்தம் அடிக்கிது, ரெகுலேட்டர் மூட மாட்டேங்குது. நான் அடுப்பப் பத்த வைக்கல. கீழ நாத்தூர்ட்ட சொல்லிட்டுப் போங்க, மறந்துறாதீங்க."