சலூன்காரரின் குடை நிழல்

ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அவருடைய நிழல் மட்டும் நேரம் தவறாமல் வேலைக்கு வந்ததை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? சலூன்காரர் வீட்டில் ஏழு வருடம் அப்படி வந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் விழும், இரண்டரைக்குப் போய்விடும். அதன் கையில் ஒரு குடையின் நிழலும் இருக்கும். நிஜக் குடை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதை யாரும் தொடவில்லை.

குடை எதற்கென்றால், அந்தச் சுவரோரம் ஒரு ஹைட்ரேஞ்சியா செடி இருந்தது. கல்யாணமான நாலாம் வருடம் மனைவி ஆசைப்பட்டுக் கேட்டதால் வாங்கி நட்டது. தொட்டியில் வந்தபோது குழந்தைத் தலை அளவுக்கு ஒரு நீலப் பூங்கொத்து இருந்தது. அதற்குப் பிறகு பதினொரு வருடம் வெறும் இலைதான். மதியமானால் செடி ஈரத்துணி மாதிரி துவண்டு விழும். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் பரிதாபப்பட்டுச் சுவருக்கு மேலாக வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். வேர் அழுகத் தொடங்கி இலை மஞ்சளானது. விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்து, இது தாகமில்லை, வெயில்தான் தாங்கவில்லை என்று கண்டுபிடித்தவர் சலூன்காரர். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கையைக் கழுவியதும் குடையை விரித்துக்கொண்டு போய்ச் செடி பக்கத்தில் நிற்பார்.

"பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி நிக்க மாட்டாங்கண்ணே" என்பார் டிரைவர்.

"பிள்ளைன்னா அதுவே நிழலுக்கு நகர்ந்துக்கும்பா. இதுக்குக் காலா இருக்கு?"

பூ நீலமாக வரவேண்டும் என்று தேய்ந்த சவரப் பிளேடுகளை எல்லாம் வேரடியில் புதைத்தார். இலை உதிரும் பருவத்தில் இன்னொன்றும் செய்வார். எதுவும் கலைந்து கிடக்கக்கூடாது அவருக்கு, தொழில் புத்தி. சீப்பும் கத்தரியுமாக உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தலையைப் போலச் செடியை ஒட்ட வெட்டி, பிடரியில் ஒட்டிய முடியைத் தட்டுவதுபோல் தண்டைத் தட்டிவிட்டு எழுந்திருப்பார்.

பதினோராவது கோடையில் ஒரு காலை, எதிர்வீட்டில் இதே செடி கொத்துக் கொத்தாகப் பூத்ததைப் பார்த்துவிட்டு வந்த மனைவி, "உங்க கை பட்டா எதுதாங்க பூக்கும்?" என்று கேட்டுவிட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மதியம் வரவில்லை. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தவர், கண்ணாடியைப் பார்த்தபடியே எழுந்திருக்காமல் போய்விட்டார்.

மூன்றாம் நாள் நிழல் வந்தது. தெருவே வந்து பார்த்தது, ஒரு மாதத்தில் பழகியும் போனது. டிரைவர் அதை வைத்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். மனைவிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கொட்டின வார்த்தையை அள்ள முடியாது என்பார்கள். செடி ஒரே ஒரு பூ பூத்தால் அள்ளிவிடலாம் என்று அவள் நம்பினாள். அதனால் அவர் வைத்திருந்தபடியே அதை வைத்திருந்தாள். பருவம் வந்து நிழல் குடையை மடக்கிக் கத்தரியை எடுக்கும்போது இவளும் அவருடைய கத்தரியை எடுத்தாள். நிழல் செடியின் நிழலை வெட்டும், இவள் செடியை வெட்டுவாள். ஆறு வருடம் அப்படியே நடந்தது.

ஏழாம் தடவை வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பு, இலையெல்லாம் மாவு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அவள் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு பஸ் ஏறி நர்சரிக்காரியிடம் போனாள்.

"தலையில தண்ணி ஊத்தாதீங்கக்கா, அடியில ஊத்துங்க, சரியாப் போயிடும்" என்ற நர்சரிக்காரி, கிளையின் அடியில் இருந்த பழைய வெட்டுக்காயத்தைத் தடவினாள். "இது யாரு பார்த்த வேலை?"

நுனி மொட்டை நகத்தால் பிளந்து காட்டினாள். உள்ளே கடுகு கடுகாக ஒரு பச்சைப் பூங்கொத்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"இந்த வருஷக் கிளையிலதான் அடுத்த வருஷப் பூ. குளிருக்கு முன்னாடியே வந்து உள்ள ஒளிஞ்சுக்கும். நீங்க அழகுக்கு வெட்டுறோம்னு நினைச்சு வருஷா வருஷம் பூவையே வெட்டியிருக்கீங்க."

"பிளேடு புதைச்சா நீலமா வரும்னாங்களே?"

"ஆமா, சவரமும் பண்ணிக்கும்."

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு உறைத்தது. அன்று அவள் சொன்னது பொய்யில்லை. பொய்யென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மெய்யை எப்படி எடுப்பது?

அந்த வருடம் அவள் கத்தரியைத் தொடவில்லை. நிழல் வழக்கம்போல் வெட்டியது. குளிர்காலம் முழுக்கச் செடி பரட்டைத் தலையோடும், அதன் நிழல் கிராப்பு வெட்டியதுபோலும் இருந்தன. மொட்டு பனியில் கருகாமலிருக்கக் கடையில் கழுத்தைச் சுற்றிப் போர்த்தும் வெள்ளைத் துணியைச் செடிக்குப் போர்த்தினாள். கோடையில் செடி பூத்தது. எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொரு கொத்து, எல்லாம் இளஞ்சிவப்பு. ஆனால் காலை வெயிலில் சுவரில் விழுந்த செடியின் நிழலில் இலை மட்டும்தான் இருந்தது. அவர் கை பட்ட இடத்தில் ஒரு பூவும் இல்லை.

அன்று மதியம் அவள் குடை நிழலுக்குள் போய் நின்றாள்.

"என்னங்க, நான் சொன்னது பொய்யில்லைங்க. ஆனா ஆறு வருஷம் நானும்தான் வெட்டினேன். உங்க கைன்னு பிரிச்சுச் சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு." செடியைத் தொட்டுக் காட்டினாள். "இத்தனை வருஷம் வெயில்ல கருகாம நின்னுச்சே, அது யாரு கை?"

சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த டிரைவர் சத்தமில்லாமல் உள்ளே போனார். நிழல் குடையை மடக்கியது. மணி ஒன்று பத்து. ஏழு வருடத்தில் அது நேரத்துக்கு முன்பே போனது அன்றுதான்.

மறுநாள் காலை செடியில் முப்பத்தொரு பூங்கொத்து இருந்தது. சுவரில் விழுந்த நிழலில் முப்பது இருந்தது. முப்பத்தோராவது, அவளுடைய நிழலின் கொண்டையில் இருந்தது. தலையைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் தட்டுப்படவில்லை. இலையில் படாமல் வேரடியில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு உள்ளே போய், ஆணியிலிருந்து குடையை எடுத்துத் தூசி தட்டி, மதிய வெயிலுக்குத் தயாராகப் பின்வாசலில் சாத்தி வைத்தாள்.