முத்திரை இல்லாத முனை

...முத்திரை இல்லையாம், அதனால் பிரேக் குழாயும் ஆகாதாம், வண்டியும் ஆகாதாம், என்னய்யா நியாயம் இது, வண்டிக்கு நம்பர் தருகிற அந்த இன்ஸ்பெக்டர் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தது ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட இருக்காது, அதற்குள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார், "ரப்பர் குழாயும் ரெண்டு முனையும் கம்பெனி பொருத்தினதா இருக்கணும், வீட்ல செஞ்சது ரோட்டுக்கு ஆகாது"... வீட்டில் செய்ததா? ஹார்பர் ஒர்க்‌ஷாப் லேத்தில் வேலப்பன் தன் கையால் கடைந்த பித்தளை முனை அது, கப்பல் சரக்கைத் தூக்குகிற கிரேனுக்கு அவன் கடைந்த பித்தளை ஆகும், காருக்கு மட்டும் ஆகாதா? வண்ணாரப்பேட்டையில் காஜா மொய்தீன் பாயின் கடையில், யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவன் மனதுக்குள் இன்னும் இன்ஸ்பெக்டரோடு மல்லுக்கு நின்றான். அடிச்சட்டம் ஓரிடம், எஞ்சின் ஓரிடம் என்று பொறுக்கி, தகரம் தட்டி, வியாசர்பாடியே சிரிக்கச் சிரிக்கக் கட்டிய வண்டி. சிரிக்கட்டுமே, எவன் வீட்டுச் சோற்றைத் தின்று கட்டினான்? அத்தனையும் இப்போது ஒரு முழக் குழாயில் வந்து நிற்கிறது, இது சரியில்லை என்றால் நம்பர் கிடையாது, நம்பர் இல்லாவிட்டால் அந்த வண்டி கோழி அடையத்தான் லாயக்கு.

பாய் எடுத்துவைத்தது காகிதம் பிரியாத குழாய், இரண்டு முனையிலும் இரும்பு ரப்பரை இறுகக் கவ்வியிருந்தது, மேலே கம்பெனிப் பெயர். வேலப்பன் கொண்டுவந்திருந்த வண்டிப் பைப்பின் மரையில் அதைத் திருகிப் பார்த்தான், வழுக்கிக்கொண்டு ஏறியது, ஏறியதே எரிச்சலாக இருந்தது... கொஞ்சம் மாட்டிக்கொண்டிருந்தால் என்ன, குறை சொல்லவாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

"இன்னா மாமு, கச்சிதமா கீதே, எட்துக்கினு போ."

"இத்த எட்துக்கினா நான் செஞ்சது கலீஜ்னு ஒத்துக்கினா மாதிரி பாய்."

"அப்ப உன்னுதையே மாட்டு. உன் பொஞ்சாதி சொக்கம்மாவ பக்கத்துல குந்த வச்சி எண்ணூரு வரிக்கும் ஒரு ரவுண்டு வுடு. போலீசு புட்ச்சா நான் வந்து பேசறேன்."

வுடத்தான் போறேன், என்றான் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி... ஏன் விடமாட்டான், யாருக்குப் பயம், விடியற்காலையில் எண்ணூர் ரோட்டில் தனியாக எத்தனை தடவை ஓட்டி மிதித்துப் பார்த்திருக்கிறான், மிதித்த இடத்தில் நின்றதே... பிரேக் ஆயில் கசியவில்லையா? கசிந்தது, முதல் நாள், அது வேறு சங்கதி, முனையை இறுக்கினதும் நின்றுவிட்டது, நின்றுதான் விட்டது... போன ஞாயிற்றுக்கிழமைகூட சொக்கம்மாள் தலை நிறையப் பூவோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள், பக்கத்து வீட்டு முத்தம்மா பார்க்கட்டும் என்றே முந்தானையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, ராணி கெட்டாள் போ... அவன்தான், "எறங்கு மே, சீட்டுல ஆணி துருத்திக்கினு கீது, பொடவ கிழிஞ்சிடும்" என்று இறக்கிவிட்டான். அவள் இறங்கித் தெருவோரம் நின்றாள், அவன் மட்டும் போய்விட்டு வந்தான்.

"அப்ப அத்த கீழ வையி" என்றார் பாய். வேலப்பன் கம்பெனிக் குழாயைக் கீழே வைக்கவில்லை. அந்தச் சீட்டைத் தைத்தவன் அவன்தானே... அதில் ஆணியே கிடையாது.