ரைகரின் விரதம்

ஞானாம்பிகையின் வீட்டில் மூன்று கமராக்கள். ஒன்று தெருப்படலையைப் பார்க்கும், ஒன்று முன்வாசலைப் பார்க்கும், மற்றது கிணற்றடியைப் பார்க்கும். மூன்றையும் பார்ப்பவன் ரொரன்ரோவில் இருந்த மகன் நிருஷன். தகப்பனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தபோது பூட்டிவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. வரவேண்டிய தேவையும் அவனுக்குத் தெரியவில்லை போலும். அங்கே ஒரு களஞ்சியத்தில் இரவுக் காவல் வேலை. அங்கே இரவென்றால் இங்கே பகல். தன் களஞ்சியத்தை எந்தளவுக்குக் கவனித்தானோ தெரியாது, தாயின் முற்றத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தான்.

"அம்மா, படலைக்குக் கொளுக்கி போடேல்லை."

"அம்மா, கிணத்தடியிலை உந்தச் செருப்போடை நிக்காதேங்கோ, வழுக்கும்."

நல்லூரில் அந்த வீட்டில் நடப்பது பக்கத்து ஒழுங்கைக்குத் தெரிய முன்னமே கனடாவுக்குத் தெரிந்துவிடும்.

ஞானாம்பிகை வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். தனியாக இருந்தாள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அந்த வருடம் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் களவு போக, நிருஷன் உடனே ஒரு நாய் வேண்டுமென்றான். கொழும்பில் நாய் வளர்த்து விற்கிற ஒருவரைக் கண்டும் பிடித்தான். ஜேர்மன் ஷெப்பேட் குட்டி. தாய் நாயின் பெயர், தகப்பன் நாயின் பெயர், பாட்டன் நாய் எடுத்த பரிசு எல்லாம் அச்சடித்த பத்திரத்தோடு வருமாம். ஞானாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. தன் கலியாணத்துக்குச் சாதகம் பார்க்க விடாதவன், நாய்க்கு மூன்று தலைமுறை பார்க்கிறான்.

"உது வளர்ந்தா என்னை இழுத்துக்கொண்டு போயிடும் தம்பி," என்றாள்.

"பழக்கலாம் அம்மா. நான் வீடியோ அனுப்பிறன்."

சுவருக்கு என்ன நிறம், தண்ணீர்த் தாங்கி எந்த மூலையில், எல்லாம் அவன் அங்கிருந்து சொன்னபடிதான் நடந்திருந்தது. நாயும் அப்படியே ஒருநாள் வந்து இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை ஓட்டோ பிடித்துச் சாவகச்சேரிக்குப் போனாள்.

சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு தென்னங்காணியில் சிவகௌரி என்ற பெண் நாய்களை வைத்துப் பராமரித்தாள். தெருவில் அடிபட்டவை, வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனவை. விற்பதில்லை, வந்து கேட்பவர்களை நன்றாக விசாரித்துவிட்டுச் சும்மா கொடுப்பாள். மற்ற நாய்களெல்லாம் கம்பிவலையில் ஏறி விழுந்து குரைக்க, ஒரு காது மடிந்த மண்நிற நாய் ஒன்று மட்டும் வேப்பமரத்தடியில் படுத்தபடி ஞானாம்பிகையைப் பார்த்தது. வந்தால் வா, போனால் போ என்ற மாதிரி ஒரு பார்வை. அவளுக்கு அது பிடித்துவிட்டது.

"உவன் ரைகர்," என்றாள் சிவகௌரி. "ரெண்டு தரம் குடுத்தாச்சு அன்ரி. முதல் வீட்டுக்காரர் லண்டனுக்குப் போட்டினம். மற்ற வீட்டுக்காரர் குலைக்கிறானில்லை எண்டு கொண்டுவந்து விட்டிட்டினம். நீங்களும் திருப்பிக் கொண்டு வாறதெண்டா, பிறகு நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். வீடு வீடா ஏறி இறங்கி அதுக்கும் மனம் விட்டுப்போச்சு. இஞ்சையே கிடக்கட்டும்."

"நான் கொண்டு வரமாட்டன். என்ன சாப்பிடுவான்?"

"மீன்தலையும் சோறும் எண்டா உயிர்."

ஓட்டோவில் ரைகர் அவளுடைய காலடியில் படுத்துக்கொண்டு வந்தது. கமராவில் நாயைக் கண்ட நிருஷன் கொஞ்சம் குதித்தான். பிறகு, சரி, எப்படி இருக்கிறதென்று பார்ப்போம் என்றான். கொழும்புக் குட்டியை வேண்டாமென்று அவன் சொல்லவில்லை.

பிழை அடுத்த நாளே தொடங்கியது. அடுத்த நாள் நல்லூர் முருகன் கோயில் கொடியேற்றம். கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் அந்தச் சுற்றாடலில் சைவ வீடுகளில் மச்சம் கிடையாது. மீனோ இறைச்சியோ முட்டையோ படலையைத் தாண்டாது. ஞானாம்பிகை வீட்டைக் கழுவினாள். மீன் காய்ச்சுகிற சட்டிகளைச் சாக்கில் கட்டிப் பின்கொட்டிலில் ஏற்றினாள். தலைமுழுகிவிட்டு வந்து இரண்டு பேருக்கு உலை வைத்தாள். சிவகௌரி சொன்ன மீன்தலை அவளுக்கு மறந்துபோகவில்லை. ஆனால் வீட்டில் எது வேகுமோ அதைத்தான் வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடுவார்கள். ரைகரும் வீட்டில் இருந்தது. இதில் யோசிக்க ஒன்றுமிருப்பதாக அவளுக்குப் படவில்லை. அந்த ஒழுங்கையில் வேறு யாருக்கும் பட்டிருக்காது.

முதல் நாள் சோறும் பருப்பும் நெய்யும். ரைகர் மரியாதைக்குச் சாப்பிட்டது. அடுத்த நாள் பூசணிக்காய்க் கறியை முகர்ந்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. தயிர்ச்சோறு வைத்தாள், பால்சோறு வைத்தாள், கீரையை மசித்து வைத்தாள். நாலைந்து நாளில் அது கோப்பைக்குக் கிட்டவே போகாமல் விட்டது. யாரோ வைரவருக்கு வடைமாலை சாத்தியதில் கிடைத்த வடையையும் கொடுத்துப் பார்த்தாள். வைரவரின் வாகனமே நாய்தானே, வடை வேண்டாமென்றா சொல்லும் என்று ஒரு நம்பிக்கை. ரைகர் எண்ணெய் பட்ட பக்கத்தை ஒருதரம் நக்கிவிட்டு மிச்சத்தைக் காகத்துக்கு விட்டது.

குரைக்கவும் இல்லை. அவள் கிணற்றடிக்குப் போனால் பின்னால் போகும். பேப்பர் வாசித்தால் காலடியில் கிடக்கும். மத்தியானப் பூசைக்குக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் மட்டும் அதைக் காணக் கிடைக்காது. பிறகு ஈர மூஞ்சியோடு எங்கிருந்தோ வரும். தண்ணீர் குடிக்கப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். நாலு வாய் சாப்பிடாத நாய் மெலியாமல் இருப்பதை முருகனின் அருள் என்றே எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் கற்பூரம் விற்கிற ஆள் படலையைத் திறந்துகொண்டு வாசல்வரை வந்துவிட்டான். ரைகர் எழும்பி, அவன் கால்வைக்க வசதியாகக் கொஞ்சம் தள்ளிப் படுத்தது. கமரா அதைப் பார்த்தது. உடனே தொலைபேசி அடித்தது.

"அம்மா, உது நாயோ, இல்லாட்டிக் கால் துடைக்கிற சாக்கோ?"

"புது இடமெல்லோ தம்பி. பழகட்டும்."

"இனி என்னத்தைப் பழகிறது. கொழும்பிலை சொல்லிப்போட்டன். வாற வெள்ளிக்கிழமை வானிலை குட்டி வருது. திரும்பிப் போகேக்கை அதே வானிலை உவனை ஏத்திவிடுங்கோ, சாவகச்சேரியிலை இறக்கிவிடுவினம்."

ஞானாம்பிகைக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடக் கவலை கூட இருந்தது. கொண்டு வரமாட்டேன் என்று சிவகௌரிக்குச் சொன்ன வாய் இது. அதுவும் போகட்டும். கோயிலால் வந்து படலையைத் திறக்கும்போது வெறும் முற்றத்தைப் பார்க்க இனி அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் காவலுக்கென்று எடுத்த நாய் காவல் காக்கவில்லை என்று மகன் சொன்னது பொய்யில்லை.

வியாழக்கிழமை அவள் மத்தியானப் பூசைக்குப் போகவில்லை. முழங்கால் நோ ஒரு சாட்டு. நாயோடு கடைசியாக ஒரு பகல் இருக்கலாம் என்பதுதான் உண்மை. நாயோ வழக்கம்போல் காணாமல் போயிருந்தது. கூப்பிட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனவளுக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் குரைப்பது கேட்டது. ஏனோதானோ என்ற குரைப்பில்லை. ஒருவனைக் கொல்லாமல் விடமாட்டேன் என்கிற குரைப்பு.

அந்தப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவள் லூர்த்தம்மா. குருநகர்ப் பக்கத்து வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனாலும் நல்லூர்க் கொடி ஏறினால் மணம் வெளியே போகாமல் குசினி யன்னலைச் சாத்திவிட்டுத்தான் சமைப்பாள். யாரும் சொல்லி அல்ல, அயலுக்கு ஒரு மரியாதை.

ஞானாம்பிகை சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். லூர்த்தம்மாவின் படலைக்கு வெளியே காஸ் சிலிண்டரோடு ஒருவன் உள்ளே கால்வைக்கப் பயந்துபோய் நின்றான். உள்ளே கழுத்து மயிர் சிலிர்த்தபடி நின்றது ரைகர். பின்னால் லூர்த்தம்மா, "விடடா, அது எங்கடை ஆள்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகையைக் கண்டதும் கையிலிருந்த சோற்றுக்கோப்பையைச் சீலைத்தலைப்புக்குள் மறைத்தாள். மறைத்து என்ன, சூடைமீன் குழம்பின் வாசம் நாலு வீட்டுக்கு அடித்தது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள் ஞானாம்பிகை.

"குறை நினையாதேங்கோ அக்கா. கொடியேறி நாலைஞ்சு நாளிலை உங்கடை பின்கொட்டில் பக்கத்து மதிலாலை பாஞ்சு வந்திட்டான். பசிச்ச முகம். போட்டிட்டன்."

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மச்சம் திண்ட நாயை விரத வீட்டுக்கை விட்டிட்டாள் எண்டு மனவருத்தப்படுவியள் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். ஒவ்வொரு நாளும் வாயைக் கழுவித்தான் அனுப்பிறனான்."

"அவன்ரை வாயையோ?"

"ஓம். நல்லாக் கழுவிறனான்."

ஈர மூஞ்சியின் அர்த்தம் ஞானாம்பிகைக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

"இஞ்சை எந்த நாளும் குலைக்கிறானோ?"

"மீன்காரன் படலைக்கு வாறதையே விட்டிட்டான் அக்கா. ஒழுங்கை முகப்பிலை நிண்டு ஹோண் அடிக்கிறான். நான்தான் ஓடிப்போறன்."

"அப்ப நீரே வைச்சிரும்."

"வீட்டுக்காரர் விடமாட்டார். நாய் பூனை கூடாதெண்டு சொல்லித்தான் தந்தவர்."

ரைகர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தது. அதன் பக்கத்தில் நியாயம் இருந்தது. சோறு போட்ட வீட்டுக்குக் காவல் நின்றது. பருப்புப் போட்ட வீட்டுக்குப் போய்ப் படுத்தது. நாளைக்கு வான் வரும். மதிலுக்கு மேலால் லூர்த்தம்மா போட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் போடும்வரை அது லூர்த்தம்மாவின் நாயாகத்தான் இருக்கும்.

ஞானாம்பிகை அறிவு தெரிந்த நாளிலிருந்து கொடியேறிய காலத்தில் மீனைக் கையால் தொட்டதில்லை. சீலைத்தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு கையை நீட்டினாள்.

"கோப்பையைத் தாரும்."

"அக்கா, நீங்கள் தொடாதேங்கோ. நான் கொண்டுவந்து வைக்கிறன்."

"தாரும்."

கோயிலால் திரும்பிக்கொண்டிருந்த சனம் ஒழுங்கையில் விலகி வழிவிட்டது. ஒன்றிரண்டு பேர் மூக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். அவள் நேரே பார்த்து நடந்தாள். ரைகர் அவளுடைய சீலைக்கரையை முட்டிக்கொண்டு வந்தது. படலையைக் கடந்து, முன்வாசல் கமராவுக்கு நேர் கீழே கோப்பையை வைத்தாள். வைத்த பிறகும் போதாதென்று குந்தியிருந்து, முள்ளை எடுத்துச் சோற்றைத் தன் விரலால் பிசைந்தாள். குழம்பு விரலில் ஒட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. ரைகர் தலையைக் கவிழ்த்துச் சாப்பிடத் தொடங்கியது.

தொலைபேசி அடித்தது. படியில் கிடந்ததை மீன்கையால் எடுக்க முடியாமல் புறங்கையால் தட்டி, சத்தம் வெளியில் கேட்கும்படி படியிலேயே விட்டாள்.

"அம்மா, உது என்ன?"

"சூடைமீன் சோறு."

"நல்லூர்க் கொடியெல்லோ ஏறியிருக்கு?"

"ஓம். எனக்கு விரதம். நாய்க்கில்லை."

"எங்கடை வளவுக்கையோ? அம்மா, சனம் பாத்தா என்ன நினைக்கும்? அப்பா இருந்தா விடுவாரோ?"

"தம்பி," என்றாள் ஞானாம்பிகை. குரலை உயர்த்தவில்லை. "கொடியேறின காலத்திலை நீ அங்கை என்ன சாப்பிடுறாய் எண்டு நான் ஒருநாளெண்டாலும் கேட்டனோ? உன்ரை குசினியிலை கமரா பூட்டிப் பாத்தனோ?"

ரொரன்ரோவில் ஏதோ கடதாசி கசங்குகிற சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த எதையோ மெதுவாக மடித்து வைக்கிறான் போலிருந்தது.

"கொழும்புக்காரருக்குச் சொல்லு, குட்டி வேண்டாம். நாளைக்கு வான் வந்தா நான் படலை திறக்கமாட்டன்."

அவனுக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. "சொன்னாக் கேளுங்கோ அம்மா, உது காவலுக்கு உதவாது!" என்று கத்தினான். "வந்த நாளிலையிருந்து ஒருக்காலெண்டாலும் குலைச்சதோ?"

கோப்பையை நக்கிக்கொண்டிருந்த ரைகர் தலையை நிமிர்த்தியது. கழுத்து மயிர் எழும்பியது. படிக்கட்டில் ஒரு பாய்ச்சல் பாய்ந்து வந்து நின்று, அந்த வீட்டில் முதன்முதலாகக் குரைத்தது. மதில்மேல் இருந்த காகங்கள் கிளம்பின. ஒழுங்கையில் போன ஒருவர் மற்றக் கரைக்கு மாறி நடந்தார். ஞானாம்பிகைக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதட்டி நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆரைப் பாத்துக் குலைக்குது?" நிருஷன் அங்கே கமரா கமராவாகத் தேடினான். "படலையிலை ஒருத்தரும் இல்லையே. கிணத்தடியிலையும் இல்லை. ஆர் வந்தது அம்மா?"

அவள் படியைப் பார்த்தாள். அங்கே தொலைபேசிதான் கிடந்தது. ரைகர் அதன் முன்னால் நின்று, ஒவ்வொருமுறை அவன் வாய்திறக்கவும் குரைத்தது. மகனை நினைக்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது.

"உன்னைப் பாத்துத்தான் தம்பி," என்றாள். "தெரியாத ஆளெல்லோ. ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ, பழகிடுவான்."